ஐந்து அடுக்கா, ஏழு அடுக்கா? ஆல்ரவுண்ட் மரப் பிளேடு தேடுபவர்களுக்கு

டேபிள் டென்னிஸ் ஆட வாங்கிய ரெடிமேட் மட்டையின் ரப்பர் வழுவழுவென்று ஆகிவிட்டது. டாப்ஸ்பின் போட்டால் பந்து சுழலாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. "இனிமே பிளேடு தனியா, ரப்பர் தனியா வாங்கு" என்று கூட ஆடுபவர்கள் சொல்லிவிட்டார்கள். பிளேடு என்பது ரப்பர் ஒட்டும் மரப் பலகை. தேட உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து பெயர்கள். எல்லாம் 'ஆல்ரவுண்ட்', எல்லாம் மரம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வேகம் இத்தனை, கட்டுப்பாடு இத்தனை என்று மதிப்பெண் வேறு. அங்கேயே மாட்டிக்கொண்டு எதை எடுப்பது என்று கேட்பவர்கள் நிறைய. அவர்களுக்காக இது.

அந்த மதிப்பெண்களை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அவை அந்தந்தக் கம்பெனி தன் சரக்குக்குத் தானே போட்டுக்கொண்டவை. 'ஆல்', 'ஆல் பிளஸ்', 'ஆஃப் மைனஸ்', 'ஆஃப்' என்ற வகைப் பெயர்களுக்கும் (ஆல் என்றால் ஆல்ரவுண்ட், ஆஃப் என்றால் தாக்கி ஆடுபவர்களுக்கான வேகப் பிளேடு) பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் 'ஆல் பிளஸ்' இன்னொன்றின் 'ஆஃப் மைனஸை'விட வேகமாக இருப்பது சாதாரணம். ஒரே கம்பெனியின் இரண்டு பிளேடுகளை ஒப்பிட மட்டும் அவை ஓரளவு உதவும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் தனி பிளேடு 7 அடுக்கு, 92 கிராம், இரண்டு பக்கமும் ரப்பருக்கு அடியில் தடித்த ஸ்பாஞ்ச். ஸ்மாஷ் அடிக்கும்போது எழுந்த 'டக்' சத்தத்திலேயே முதல் வாரம் ஓடிவிட்டது. மூன்றாவது வாரம், கூட ஆடும் பெரியவர் ஒருவர் மெதுவாக ஒரு லூப் (பந்தைக் கீழிருந்து மேலே உரசிச் சுழற்றும் அடி) போட்டார். நான் மட்டையை வைத்தேன், அவ்வளவுதான். பந்து மேசையைத் தொடாமல் எதிர்ச் சுவரில் போய் மோதியது. ஐந்தாவது முறையும் அப்படியே ஆனதும், "தம்பி, உன் மட்டை உன்னைவிட வேகமா இருக்கு" என்றார். அப்புறம் மூன்று மாதம் அந்த மட்டைக்குப் பயந்து கையைப் பாதியிலேயே நிறுத்தி ஆடினேன். மட்டையை மாற்றியது ஒரே நாளில். அந்தப் பாதிக் கை போக ஒரு வருடம் ஆனது.

## எதை வைத்து எடை போடுவது

விறைப்பு. பிளேடில் அடுக்குகள் பொதுவாக ஒற்றைப்படைதான். நடுவில் தடித்த மரம், அதன் இருபுறமும் இழை குறுக்கே ஓடும்படி ஒட்டிய மெல்லிய தகடு, அதற்கு மேல் மறுபடி நீளவாக்கில் இழை ஓடும் மேல்தகடு. இதுதான் 5 அடுக்கு. பந்து மோதும்போது இந்தப் பலகை கொஞ்சம் வளைந்து திரும்புகிறது. அதிகம் வளைந்தால் பந்து மட்டையில் ஒரு கணம் கூடுதலாகத் தங்கும், வேகம் குறையும். வளையாவிட்டால் உடனே எகிறும். இதை முக்கியமாகத் தீர்மானிப்பது பலகையின் கனம், அதாவது தடிமன். ஒரே மரத்தில் கனம் கூடக்கூட விறைப்பு அதன் மும்மடிக் கணக்கில் (கனம் × கனம் × கனம்) ஏறும். 5.5 மி.மீ. பலகையை 6.5 ஆக்கினால் விறைப்பு சுமார் 1.65 மடங்கு. கண்ணுக்கே தெரியாத அந்த ஒரு மில்லிமீட்டர்தான் என்னைச் சுவரில் அடிக்க வைத்தது.

மேல்தகடு. பந்தின் அதிர்வு கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதில் இதற்குப் பெரிய பங்கு. லிம்பா என்ற மரம் மென்மையானது, பந்தைக் கொஞ்சம் பிடித்து அனுப்புவதுபோல் இருக்கும். கோட்டோ என்ற மரம் அதைவிடக் கடினம், தொட்டதும் விட்டுவிடும்.

சின்னப் பந்தும் பிளாக்கும். மெல்லத் தொடும்போது (புஷ்) வேலை முழுக்க ரப்பருடையது. ஓங்கி அடிக்கும்போதும் எதிராளி ஓங்கி அடித்ததைத் தடுக்கும்போதும்தான் (பிளாக்) பந்து ஸ்பாஞ்சை அமுக்கிக்கொண்டு மரம்வரை போகிறது. அதனால் இரண்டு பிளேடுகளின் வித்தியாசம் புஷ்ஷில் கொஞ்சமாகவும் பிளாக்கில் பளிச்சென்றும் தெரியும். கடையில் சும்மா பந்தைத் தட்டிப் பார்த்து "ரெண்டும் ஒண்ணுதான்" என்று நினைத்துவிடுவது இதனால்தான்.

ரப்பர் ஒட்டிய பிறகான எடை. பெட்டிமேல் போட்டிருக்கும் எடை பாதிக் கதைதான். மீதியைக் கடைசியில் சொல்கிறேன்.

பிடி. ஃபிளேர், ஸ்ட்ரெயிட், அனடாமிக் என்று மூன்று. இதில் சரி தப்பு இல்லை. ஃபோர்ஹேண்டுக்கும் பேக்ஹேண்டுக்கும் நடுவே பிடியை லேசாகத் திருப்பிக்கொள்பவர்களுக்கு ஸ்ட்ரெயிட் ஒத்துவரும். ஃபிளேர் கையில் இருந்து வழுக்காது. அனடாமிக் கைக்குப் பொருந்தினால் பேரானந்தம், பொருந்தாவிட்டால் தினமும் தொல்லை. பிடித்துப் பார்க்காமல் வாங்குவதாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

## ஒரு பார்வையில்

| | மென்மையான 5 அடுக்கு | வேகமான 5 அடுக்கு | 7 அடுக்கு | கிரி என்ற லேசான நடுமரம் |
|---|---|---|---|---|
| கனம் (சுமார்) | 5.3–5.8 மி.மீ. | 5.8–6.2 மி.மீ. | 6.2–6.8 மி.மீ. | 6.5 மி.மீ. அல்லது மேலே |
| எடை (சுமார்) | 80–88 கிராம் | 83–92 கிராம் | 87–97 கிராம் | 75–83 கிராம் |
| பிளாக் | தானாக அடங்கும் | கோணம் சரியாக இருக்க வேண்டும் | நிலையானது, ஆனால் நீளமாகப் போகும் | சுலபம், கனமான அடிக்கு ஆட்டம் காணும் |
| மெதுவான லூப் | மிக நன்று | நன்று | உழைக்க வேண்டும் | சுமார் |
| பின்னால் நின்று அடிப்பது | கை முழுக்க வேண்டும் | போதும் | தாராளம் | மெலிந்துவிடும் |
| தட்டி அடிப்பது | சுமார் | நன்று | மிக நன்று | நன்று |

கனமும் எடையும் அந்தந்த வகையில் பொதுவாகக் காணப்படுபவை. விதிவிலக்குகள் இருக்கும்.

## மென்மையான 5 அடுக்கு: லிம்பா மேலே, அயூஸ் மரம் நடுவே

ஆல்ரவுண்ட் மரப் பிளேடு என்றதும் வாயில் வரும் பெயர்கள் ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக், யசாகா ஸ்வீடன் எக்ஸ்ட்ரா, டோனிக் அப்பெல்கிரன் ஆல்பிளே. கடைசிப் பெயருக்கு உரிய மிக்கேல் அப்பெல்கிரன், 1989-ல் டார்ட்மண்டில் சீனாவை 5-0 என்று வீழ்த்தி உலக சாம்பியன்ஷிப் அணிப் பட்டத்தை வென்ற ஸ்வீடன் அணியில் இருந்தவர். வால்ட்னரும் பெர்சனும் அதே அணிதான்.

இந்த வகையின் அருமை பிளாக்கில் தெரியும். எதிராளி அடித்த வேகத்தில் ஒரு பங்கைப் பலகையே விழுங்கிவிடுகிறது. மட்டையின் கோணம் கொஞ்சம் பிசகினாலும் பந்து மேசைக்குள் விழுந்துவிடும். லூப் போடும்போது 'இப்போது பந்து ரப்பருக்குள் இருக்கிறது' என்று உள்ளங்கைக்கே தெரியும். நடு மட்டையில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்பதும் அப்படியே தெரிந்துவிடும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இதற்கு ஈடு இல்லை, ஏன் வெளியே போனது என்பதற்குக் கையிலேயே பதில் இருக்கும்.

குறை என்ன? மேசையைவிட்டு இரண்டடி பின்னால் போனால் வேகத்தை நீங்கள்தான் தயாரிக்க வேண்டும். கால் நகராமல், இடுப்பு திரும்பாமல், கையை மட்டும் வீசினால் பந்து சோம்பிப்போய் எதிராளிக்கு வாகாக விழும். மட்டையைக் குறை சொல்லத் தோன்றுவது அப்போதுதான். பெரும்பாலும் மட்டைமேல் குற்றம் இல்லை.

"அது பழைய காலத்துப் பிளேடு, இப்போ யாரும் அதை எடுக்கறதில்லை" என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. 2000-ல் பந்து 38-லிருந்து 40 மி.மீ. ஆனது. 2008-ல் ரப்பருக்கு உயிரூட்டிய ஸ்பீடு குளூ என்ற பசை தடைசெய்யப்பட்டது. 2014-ல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் சுழற்சியும் வேகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன, மேல்மட்ட ஆட்டக்காரர்கள் அதை ஈடுகட்ட வேகமான பிளேடுகளுக்குப் போனார்கள். ஆனால் அதே காலத்தில் ரப்பரும் மாறியது. இழுவிசையோடு தயாராகி வரும் இன்றைய டென்ஷன் ரப்பரை ஒட்டினால் பழைய ஆல்ரவுண்ட் பிளேடும் பழைய வேகத்தில் நிற்பதில்லை. மாவட்ட அளவுக்குக் கீழே ஆடும் யாருக்கும் இந்தப் பிளேடால் தோல்வி வந்ததாக நான் பார்த்ததில்லை.

யாருக்கு: தனி பிளேடு முதல் தடவை வாங்குபவர்கள், சுழற்சியை நம்பி ஆடுபவர்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஆடுபவர்கள்.

## வேகமான 5 அடுக்கு: ஆஃப் மைனஸ் எல்லையில்

பட்டர்ஃபிளையின் கோர்பெல், பிரிமோராக், நிட்டாக்குவின் அக்கூஸ்டிக் எல்லாம் இந்தப் பக்கம். பலகை சற்றுக் கனமாகவோ, மேல்தகடு கோட்டோவாகவோ, உள்தகடு ஸ்புரூஸ் போன்ற விறைப்பான மரமாகவோ இருக்கும். சிலவற்றில் மேல்தகடு லிம்பாதான், வேகம் உள்ளே இருந்து வரும்.

நல்ல பிளேடுகள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் "இதை வாங்கினா நாளைக்கு மாத்த வேண்டாம்" என்று இரண்டு வருடம் கழித்து ஆடப்போகும் ஆட்டத்துக்காக இப்போதே வாங்குகிறவர்கள் அதிகம். அந்த இரண்டு வருடத்தில் வேகம் கையில் தயாராக இருப்பதால் முழு வீச்சு பழகாமலே போய்விடுகிறது. நாளைக்கு என்று வாங்கிய பிளேடு அந்த நாளையே தள்ளிப்போடும்.

இன்னொன்று. லிம்பா, கோட்டோ இரண்டையும் 'ஐந்து அடுக்கு' என்ற ஒரே பெயரில் நினைத்துக்கொண்டு வாங்குபவர்கள் உண்டு. கோட்டோ மேல்தகட்டில் ஓங்கி அடிப்பது சுகம். மெதுவாகக் கீழிருந்து தூக்கும் லூப் மட்டும் ஆரம்பத்தில் நெட்டில் விழுந்துகொண்டே இருக்கும், பந்து தங்கும் நேரம் குறைவல்லவா.

யாருக்கு: ஃபோர்ஹேண்டை முழுக் கையால் வீசி, பத்தில் எட்டை மேசைக்குள் போடுகிறவர்களுக்கு. இப்போதைய மென்மையான பிளேடில் தங்கள் லூப்புகள் எல்லாம் எதிராளியால் சுலபமாகத் தடுக்கப்படுகின்றன என்பவர்களுக்கு.

## 7 அடுக்கு

ஸ்டிகா கிளிப்பர்தான் இதன் தலைமகன். விறைப்பு, எடை இரண்டும் கூடுதல். எதிராளி எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மட்டை அசையாது. மேசையோடு ஒட்டி நின்று தட்டி அடிப்பவர்கள், குட்டைப் புள்ளிகள் வெளியே தெரியும் ரப்பர் வைத்து ஆடுபவர்கள் இதைத் தேடிப் போவதில் நியாயம் உண்டு.

'ஆல்ரவுண்ட்' என்ற பட்டியலில் இது எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் புரியாதது. கார்பன் இல்லை, மரம் மட்டும்தான், அதனால் சாது என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விதிப்படி எந்தப் பிளேடாக இருந்தாலும் கனத்தில் 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். ஒட்டுகிற ஒரு அடுக்கில் சேர்க்கும் கார்பன் முதலிய நார்த்தகடு மொத்தக் கனத்தில் 7.5 சதவீதத்தையோ 0.35 மி.மீ.யையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. அதாவது கார்பன் பிளேடும் பெரும்பாலும் மரம்தான். முழு மரம் என்பதால் மட்டும் ஒன்று மெதுவாகிவிடாது. நார் கலந்தவற்றைப் பற்றி இங்கே இதற்கு மேல் பேசப்போவதில்லை, அது வேறு கணக்கு.

## கிரி நடுமரம்

கிரி பவுலோனியா மரம், பஞ்சுபோல் லேசு. பலகை தடிமனாக இருந்தும் கையில் எடையே தெரியாது. மணிக்கட்டு வலி, தோள் வலி உள்ளவர்கள், சிறு பிள்ளைகள் இதை யோசிக்கலாம். மட்டை சட்டென்று திரும்பும், மணிக்கட்டால் சுண்டும் பேக்ஹேண்ட் ஃப்ளிக் சுகமாக வரும். ஆனால் கனமான டாப்ஸ்பின் எதிரே வந்தால் மட்டை பின்னால் தள்ளப்படுவது தெரியும். தடித்த, விறைப்பான கிரி பிளேடில் ஒரு வெறுமையான சத்தமும் உண்டு. சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்கவில்லை.

## பெட்டியில் எழுதாத செலவுகள்

முதலில் எடை. பிளேடு 84 கிராம் என்று வையுங்கள். ஸ்பாஞ்ச் நடுத்தரமான ரப்பர், வெட்டிய பிறகு பக்கத்துக்கு 45 கிராம். பசை, ஓர டேப் சேர்த்து 176-ஐ ஒட்டி நிற்கும். அதே கணக்கை 92 கிராம் பிளேடுக்கும், கடின ஸ்பாஞ்ச் உள்ள 51 கிராம் ரப்பர் இரண்டுக்கும் போட்டால் 196. இருபது கிராம் என்ன பெரிசு என்று தோன்றும். அந்த எடை பிடியில் இல்லை, தலைப்பக்கம் தூரத்தில் இருக்கிறது. மூன்றாவது ஆட்டத்தில் பேக்ஹேண்டுக்கு மட்டை வந்து சேர ஒரு கணம் தாமதமாகும்போது தெரியும். ஒரே மாடலில் பிளேடுக்குப் பிளேடு எட்டுப் பத்து கிராம் வித்தியாசம் வரும், மரம் அப்படித்தான். எடை கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், எல்லோரும் கேட்பதுதான்.

இரண்டாவது ரப்பர். பிளேடு வருடக்கணக்கில் உழைக்கும், ரப்பர் தேய்ந்துகொண்டே இருக்கும். விலை உயர்ந்த பிளேடு வாங்கிவிட்டு, காசில்லாமல் ஒரே ரப்பரை இரண்டு வருடம் ஓட்டுவதைவிட, சாதாரண ஆல்ரவுண்ட் பிளேடில் புது ரப்பர் எவ்வளவோ மேல். வேகமான பிளேடு இன்னொரு வழியிலும் செலவு வைக்கும். கட்டுப்பாடு போதவில்லை என்று மெல்லிய ரப்பர், பிறகு சுழற்சி போதவில்லை என்று இன்னொரு ரப்பர். மட்டையில் இருக்கும் தவறை ரப்பரால் சரிசெய்யும் இந்த விளையாட்டில் நான் நாலு ஷீட் இழந்தேன்.

மூன்றாவது சிராய். ரப்பரை மாற்றும்போது இழுத்த வேகத்தில் மேல்தகடு மயிர்மயிராகப் பிய்ந்து ஸ்பாஞ்சோடு வந்துவிடும். என் பிளேடில் பிடிக்கு மேலே கட்டைவிரல் வைக்கும் இடத்தில் அரை அங்குல நீளத்துக்கு ஒரு பள்ளம், அப்படி வந்ததுதான். மென்மையான லிம்பா இதில் ரொம்பவும் மோசம். ரப்பர் ஒட்டும் முன் நீர் அடிப்படையிலான வார்னிஷை துணியில் தொட்டு ஒரே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள். தடித்துப் பூசினால் மேல்தகடு இறுகி நீங்கள் வாங்கிய மென்மையே போய்விடும். கழற்றும்போது மூலையில் தொடங்கி, இழை ஓடும் போக்கிலேயே, ரப்பரைப் பலகையோடு படிய மடித்து மெதுவாக உருட்டி எடுக்க வேண்டும். மேல்நோக்கிப் பிடுங்கக் கூடாது.

## இன்னும் முடிவு வரவில்லையா

அடுத்த இரண்டு நாள் ஆடும்போது தோற்ற புள்ளிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இருபது போதும். பந்து எங்கே போனது, அப்போது என்ன ஷாட், இவ்வளவுதான்.

பிளாக்கும் ரிசீவும் (சர்வீஸைத் திருப்புவது) நீளமாக வெளியே போனவை பாதிக்கு மேல் என்றால் மென்மையான 5 அடுக்கு, யோசிக்கவே வேண்டாம். நன்றாக வீசி அடித்தவை உள்ளே விழுந்தும் எதிராளி நிதானமாகத் திருப்பி, கடைசியில் நீங்கள் களைத்துத் தோற்றிருந்தால் வேகமான 5 அடுக்கைப் பார்க்கலாம். மேசையோரம் நின்று தட்டும் ஆட்டம், தோற்றதெல்லாம் கனமான டாப்ஸ்பினுக்கு முன்னால் மட்டை நடுங்கியதால் என்றால் 7 அடுக்கு. கை வலியால் கடைசி ஆட்டங்கள் போயிருந்தால் கிரி, அல்லது அதே மென்மையான 5 அடுக்கிலேயே 80 கிராமுக்குப் பக்கத்தில் ஒன்று. நான் இரண்டாவதையே எடுப்பேன். சர்வீஸே விழவில்லை, புஷ் மேலே தூக்குகிறது என்பவை பட்டியலை நிறைத்திருந்தால் பிளேடு எதுவானாலும் ஒன்றுதான், அந்தக் காசில் கோச்சிடம் போகலாம்.

கேட்பவர்களுக்கு நான் தரும் ஜோடி: 82-லிருந்து 86 கிராமுக்குள் லிம்பா 5 அடுக்கு, இரண்டு பக்கமும் நடுத்தர ஸ்பாஞ்ச், ஃபோர்ஹேண்டுக்கு 2.0 மி.மீ., பேக்ஹேண்டுக்கு 1.8. வேகம் போதவில்லை என்று ஆறு மாதம் கழித்துத் தோன்றினால் ஃபோர்ஹேண்ட் ரப்பரை மட்டும் மாற்றிப் பாருங்கள், பிளேடில் கை வைக்காதீர்கள்.

என் கையில் இப்போது இருப்பது 84 கிராம். இந்த வருடம் ஃபோர்ஹேண்டுக்கு அதிகபட்சக் கனமுள்ள ஸ்பாஞ்ச் போட்டேன், பேக்ஹேண்ட் பழைய 1.8-தான். அந்தப் பெரியவர் இன்னமும் அதே மெதுவான லூப்பைத்தான் போடுகிறார். பத்தில் ஏழு அவருக்கே திரும்பிப் போகிறது. மீதி மூன்று நெட்டில்.